இருபத்து நான்கு போத்தல் அன்னாசி டார்ட்

அன்று காலை எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தவர்கள் நான்கு பேர். நான். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையைக்கூட மாற்றாமல் நின்ற என் கணவர் குணா. எனக்கு ஒத்தாசைக்காக பாலிங்கிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா வசந்தா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். மேசைக்கு அடியில் காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் நான்கு வயது மகள் கவினா. வேறு யாரும் இல்லை. பின்கதவும் சாத்தியிருந்தது. இதை இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று மத்தியானம் வரை என் மனம் இதையேதான் எண்ணிக்கொண்டிருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? நான்கு பேருக்கு. அதில் ஒருத்திக்குப் புரியாது. மீதி மூன்று பேரும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால்?

குணா கையில் ஒரு பிரஷ் இருந்தது. பாத்திரம் கவிழ்த்துவைக்கும் தட்டிலிருந்து அதை எடுத்தவர், செத்த எலியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மாலா, இது பெயிண்ட் அடிக்கிற பிரஷ்தானே? இங்க எப்படி வந்துச்சு?"

"புதுசுங்க. பெயிண்ட்ல தொடவே இல்ல. சுடுதண்ணில கழுவிட்டு, டார்ட் மேல முட்ட தடவ எடுத்துக்கிட்டேன்."

"எந்தக் கடையில வாங்குன? தனியா ஒரு கூடையில கெடந்துச்சா?"

ஆமாம் என்றேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது பன்றி முடி, மாலா," என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கும் ஓடாது என்று நினைக்கிறேன். எங்கள் கீரனூரில் ஹார்டுவேர் கடையில் பிரஷ் வாங்கினால் அது என்ன முடி என்று யார் கேட்டார்கள்? இங்கே மலேசியாவில் பன்றி முடியில் செய்த பிரஷ்ஷைத் தனியாக வைத்து, மேலே தாளில் எழுதியும் வைத்திருப்பார்கள். முஸ்லிம் ஆட்கள் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று. அந்தத் தாள் அன்று என் கண் முன்னால்தான் இருந்தது. நான் எழுத்தைப் பார்க்காமல் விலையைப் பார்க்கிற ஆள். ஊர்க் கடைகளில் தனிக் கூடை என்றால் தள்ளுபடிக் கூடை. அந்த நினைப்பிலேயே, மலிவாகப் போட்டிருக்கிறான் என்று மூன்று பிரஷ் அள்ளிக்கொண்டு வந்தேன். சந்தையில் சும்மா கிடைத்த பழப்பெட்டிகளை அடுக்கி ஆணியடித்து, கவினாவின் துணிக்கு ஓர் அலமாரி செய்து பச்சைச் சாயம் பூசினோம். அதற்கு இரண்டு பிரஷ் போதுமானதாக இருந்தது. மூன்றாவது மிச்சம். மிச்சமான ஒரு பொருள் வீட்டில் சும்மா கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த மூன்றாவது பிரஷ்ஷால்தான் இருபத்து நான்கு போத்தல் அன்னாசி டார்ட்டுக்கு, அதாவது அன்னாசிப் பாகு வைத்த குட்டி பிஸ்கட்டுகளுக்கு, முட்டை மஞ்சள் தடவியிருந்தேன். அத்தனையும் ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்காக எங்கள் லோரோங்கில், அதாவது சந்தில், இருக்கிற ஆறு மலாய் வீடுகள் கொடுத்த ஆர்டர். முந்தின நாளே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெருநாளுக்கு இன்னும் ஐந்து நாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் கீரனூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் பெட்டி மடிக்கிற வேலைக்குப் போனேன். கொஞ்ச நாளில் பின்னால் அடுப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பன் மேல் நெய் தடவ அங்கே ஒரு குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றிவைத்திருப்போம். அவ்வளவுதான் கருவி. இங்கே வந்த பிறகு எனக்கு நாகரிகம் கூடிவிட்டது, பிரஷ் கேட்டது. இங்கேயும் அந்தத் துணி சுற்றிய குச்சியாலேயே தடவியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கல்யாணமாகி கூலிமுக்கு வந்த புதிதில், குணா வேலைக்குப் போன பிறகு நான் கதவைத் திறக்கவே பயப்படுவேன். யாராவது மலாயில் ஏதாவது கேட்டுவிட்டால்? முதலில் அந்தக் கதவைத் தட்டியவர் பக்கத்து வீட்டு காக் மிடா. காக் என்றால் அக்கா. ஐம்பது வயதிருக்கும், பலகாரம் விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நோன்பு மாதத்தில் சாயங்காலச் சந்தையில் அவர் மேசைக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். நான் பழைய சேலையில் தைத்த ஜன்னல் திரையைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கையாலேயே அளவு காட்டினார். அப்படித் தொடங்கிய பழக்கம். குணா தன் கூட்டாளியிடம் பழைய ஓவன் ஒன்றை வாங்கி வந்ததும், "நீ சுடு, நான் ஆர்டர் பிடிக்கிறேன்," என்றவரும் அவர்தான். ஒரு போத்தல் இருபத்தைந்து வெள்ளி. நாங்கள் இங்கே ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறோம். அறுநூறு வெள்ளியையும் எல்லா வீட்டிலும் முன்பணமாக வாங்கிக் கொடுத்தார். அதில் மாவு, வெண்ணெய், பழம் போக மீதி முழுவதையும் கவினாவின் தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், கட்டிவிட்டேன். ஆக, திருப்பிக் கொடுக்கக் கையில் காசு கிடையாது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த டார்ட்டை எல்லாரும் வாங்கியது என்னை நம்பி அல்ல. காக் மிடாவை நம்பி.

"சொல்லாத," என்றார் வசந்தா அண்ணி. "தெரியாம செஞ்சதுதானே? எதுக்குலா போயி நெருப்ப அள்ளித் தலையில போட்டுக்கிற? பெருநாளு முடிஞ்சா போத்தல் காலியாயிரும், அதோட கதையும் முடிஞ்சிரும்."

"அவங்க வாயில போற சாமான்க்கா," என்றார் குணா.

"உனக்கென்ன, நீ பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போயிருவ. இந்த லோரோங்ல தெனமும் மொகத்துல முழிக்கப் போறது இவதானே? நாள பின்ன இவகிட்ட யாரு ஒரு பிஸ்கட் வாங்குவா?"

அண்ணி சொன்னதில் தப்பில்லை, என் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொன்னார். குணா என்னைப் பார்த்தார். "நீயே முடிவு பண்ணு. நீ சொல்லப் போனா நானும் வர்றேன். தூங்கிட்டுத்தான் வருவேன்னு சொல்ல மாட்டேன்."

நான் முடிவெடுக்கிற ஆள் இல்லை. கேஸ் மூடினேனா என்று பார்க்க மூன்று முறை வீட்டுக்குத் திரும்புகிறவள். அன்று மத்தியானம் வரை என்னென்னவோ யோசித்தேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கடையில் வேறு டார்ட் வாங்கி மாற்றிவைத்துவிடலாமா? காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விடலாமா? அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் காக் மிடா துணி காயப்போட்டுக்கொண்டே, நான் வாங்கித் தரச் சொல்லியிருந்த சிவப்பு மூடிப் போத்தல்கள் தீபாவளிக்கும் மலிவாகக் கிடைக்கும் என்று சத்தமாகச் சொன்னார். என் தீபாவளிக்கு அவர் இப்போதே போத்தல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பிரஷ்ஷை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனேன். குணா பின்னால் வந்தார், கண் இரண்டும் சிவந்திருந்தன.

பையைப் பார்த்ததும் காக் மிடா சிரித்தார். "எனக்கா? பெயிண்ட் எல்லாம் போன வாரமே அடிச்சாச்சே!" பெருநாளுக்கு வீட்டுக்குச் சாயம் பூச நான் பிரஷ் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் அவரிடம் பேசுவது பாதி மலாய், பாதி கை. அன்று இரண்டும் வரவில்லை. டார்ட்டைச் சொன்னேன், முட்டையைச் சொன்னேன், பிரஷ்ஷைக் காட்டி அழுதேன். அவர் என்னைத் தேற்ற முன்னால் வந்தபோது குணா நடுவில் வந்து, மெதுவாக, சரியான மலாயில் முழுவதையும் சொன்னார்.

காக் மிடாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "துங்கு," என்று ஒரே சொல், இருங்கள் என்று. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவுக்கு வெளியே நாங்கள் கால்மணி நேரம் நின்றிருப்போம். யாருக்கு போன் செய்கிறார்? ஆட்களைக் கூப்பிடுகிறாரா? வாடகை வீடு, வேறு எங்கே போவோம், கட்டிய தடிகா காசு திரும்பக் கிடைக்குமா? கதவு திறந்தது. பழைய சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் வாளி. சுராவில், எங்கள் பக்கத்துச் சிறு பள்ளிவாசலில், இருக்கிற உஸ்தாஸிடம் போனில் கேட்டுவிட்டாராம். தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை, டார்ட்டை யாரும் சாப்பிட வேண்டாம், அது பட்ட பாத்திரங்களை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரில். "என்ன நிக்கிற? வீடு வீடா போகணும், வா. அழுதுகிட்டே வராத, யாரோ செத்துட்டாங்கன்னு நெனப்பாங்க."

ஆறு வீட்டில் அவர் வீடும் ஒன்று. மற்ற ஐந்துக்கும் என்னை முன்னால் நிறுத்திக்கொண்டு போனார். பேசியது அவர். நல்ல வேளையாக நோன்பு மாதம், போத்தல்களை ஒட்டுநாடா சுற்றிப் பெருநாளுக்கென்று எடுத்துவைத்திருந்தார்கள். நான்கு வீட்டிலும் ஒரு நிமிடம் முகம் மாறியது, பிறகு "தெரியாமத்தானே, பரவாயில்ல," என்றார்கள். ஒரு பாட்டி எனக்காக நாற்காலி எடுத்துப்போட்டார். கடைசி வீட்டில் மட்டும் ஒரு போத்தலைத் திறந்து, நோன்பு திறக்கும்போது பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, பார்க்கவும் இல்லை. பணம் இன்றைக்கே வேண்டும் என்றார். நான்கு போத்தலுக்கு நூறு வெள்ளி. குணா மோட்டார்சைக்கிள் டயருக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அன்று சாயங்காலம் காக் மிடா சந்தைக்குப் போகவில்லை. அவர் வீட்டுக் கொல்லையில் செரை என்கிற எலுமிச்சைப்புல்லுக்குப் பக்கத்திலிருந்து மண் வெட்டி எடுத்துக் கரைத்தார். டார்ட் அடுக்கிய தட்டுகள், கிண்ணங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. கழுவுவதற்கு முன்னால், திரும்பி வந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் ஒட்டியிருந்த, கவினா விரலில் சாயம் தொட்டு இலைபோல் குத்திய சீட்டுகளை நகத்தால் பக்குவமாக உரித்தார். அவை இப்போது அவர் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, கவினா டிவியில் கற்றுக்கொண்டபடி சாத்து, டுவா, தீகா என்று மலாயில் எண்ணினாள். நான் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏழுக்கு வந்தோம்.

திரும்பி வந்த டார்ட்டை என்ன செய்வது என்று நான் கவலைப்படத் தொடங்குவதற்குள் குணாவின் சீனக் கூட்டாளி ஆ செங் வந்துவிட்டான். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எங்க வீட்டுக்கு ஸ்பெஷல் ஆர்டர் மாதிரி லா இது!" போத்தல் இருபது வெள்ளி என்று பத்து எடுத்துக்கொண்டான். மீதியை அண்ணி பாலிங்குக்குக் கட்டிக்கொண்டார். "நல்லாதான் இருக்கு. நான்தான் சொல்ல வேணாம்னேன், நீ சொல்லிட்ட. சரி, இனிமே கடையில எழுதியிருக்கிறதப் படிடி," என்று என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பஸ் ஏறினார்.

அடுத்த இரண்டு நாள் காக் மிடாவின் அடுப்படியில், அவர் ஓவனில், அவர் பாத்திரத்தில், அவர் வாங்கிய ரப்பர் பிரஷ்ஷில் மறுபடியும் டார்ட் சுட்டோம். நேரம் இருந்தது எட்டு போத்தலுக்குத்தான். அவர் நோன்பு, அவர் முன்னால் எப்படி என்று நானும் வாயில் வைக்கவில்லை. அன்னாசிப் பாகு இனிப்பா புளிப்பா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவள் கவினா. அவள் ஒவ்வொரு முறையும் "இன்னும் தெரியல" என்று இன்னொரு கரண்டி கேட்டாள்.

அந்த எட்டும் போக மீதிப் பன்னிரண்டு போத்தலுக்குப் பணம் திருப்ப வேண்டியிருந்தது, முந்நூறு வெள்ளி. ஆ செங் கொடுத்த இருநூறைக் கொடுத்தேன். மிச்ச நூறை, பெருநாள் நேரத்தில் யாரும் காத்திருக்கக் கூடாது என்று காக் மிடா தன் பலகாரப் பணத்திலிருந்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். அதனால் எனக்கு இப்போது கடன் ஒரே ஒரு வீட்டில்தான்.

போன வாரம் அம்மா கீரனூரிலிருந்து போனில் கேட்டார், "அங்கன உனக்கு யாரு இருக்கா? புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆடிக்கு வந்துட்டுப் போயேன்." டிக்கெட் விலையைச் சொல்லலாம், குணாவுக்கு லீவு இல்லை என்று சொல்லலாம். "இங்க ஒருத்தவங்களுக்குக் காசு குடுக்கணும்மா, குடுத்துட்டுத்தான் வரணும்," என்றேன். கடனைப் பற்றிப் பேசும்போது என் குரலில் நடுக்கம் இல்லாதது எனக்கே புதிதாக இருந்தது. அம்மாதான் பயந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் வேலிக்கு மேலே பத்து வெள்ளி நீட்டுகிறேன். காக் மிடா உடனே வாங்குவதில்லை. "நந்தி லா, அப்புறம் பாத்துக்கலாம்," என்று உட்காரச் சொல்கிறார். தேநீர் வருகிறது, பலகாரம் வருகிறது, கவினா மலாயில் கதை சொல்கிறாள், நான் தமிழில் அவளை அதட்டுகிறேன். எழுந்து வரும்போதுதான் நோட்டு கை மாறுகிறது. சில வாரம் அதுவும் இல்லாமல் என் கையிலேயே வீடு திரும்பிவிடுகிறது. சீக்கிரம் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம், எதற்கும் பதறுகிற எனக்கு, இந்த ஒன்றில் மட்டும் ஏனோ வரவில்லை. இதுவரை மூன்று முறை வாங்கிக்கொண்டார். இன்னும் எழுபது வெள்ளி பாக்கி.