ஓடைக்கு அந்தப் பக்கம்

என் மேசை இழுப்பறையில் ஒரு புளியங்கொட்டை கிடக்கிறது. பல்லாங்குழிக்குக்கூட உதவாத ஒற்றைக் கொட்டை. வீடு மாறும்போதெல்லாம் எதையெதையோ தூக்கிப் போட்டிருக்கிறேன். இதைப் போட மனம் வந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையில் நடந்துவந்த சின்னச் சங்கத்தில் நான் டைப்பிஸ்ட். வனத்துறையில் ரேஞ்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் அதை நடத்தினார். ஜவ்வாது மலையில் ஓர் ஊருக்கும் வனத்துறைக்கும் உடன்பாடு உண்டாக்கிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பித்து. காட்டை ஊரே காவல் காக்கும். பதிலுக்குப் புளி, கடுக்காய், தேனை ஊரே எடுத்துக்கொள்ளும். காண்டிராக்டரின் கோடாலி உள்ளே வராது. இலாகாவில் ஒருவழியாகத் தலையசைத்து, எல்லை காட்டும் வரைபடத்தோடு மறுநாள் மனுவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்காக ஊர் அனுப்பி வந்தவள் அந்த மலைக்கார அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பெரிய மேசையின் மேல் விதைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒவ்வொரு வீடும் தான் பார்த்துக்கொள்ளும் மரத்திலிருந்து ஒரு விதை கொடுத்தனுப்பியிருந்தது. மரம் நிற்கும் இடத்தில் விதை. அதுதான் அவர்கள் வரைபடம். முதுகைக் காட்டிக்கொண்டு மனுவை அடித்துக்கொண்டிருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. சாப்பிட்டு வந்து வரைந்துகொள்ளலாம் என்று ரேஞ்சர் சாரும் அவர் மனைவியும், கடலையே பார்த்திராத அவளைப் பட்டினப்பாக்கம் பக்கம் அழைத்துப் போனார்கள்.

பெருக்க வந்த அம்மாள், "இன்னாம்மா இது, மேசை பூரா கொட்டையா கீது" என்றாள். பென்சில்களைக்கூட உயர வரிசைப்படி அடுக்கி வைக்கிற பிறவி நான். சும்மா இருந்திருக்கலாம். புளியங்கொட்டை, கடுக்காய், நாவல் கொட்டை, பூந்திக்கொட்டை என்று பிரித்து நான்கு பழுப்பு உறைகளில் போட்டு, மேலே பெயரும் அடித்து ஒட்டினேன்.

திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்தாள். "காட்டையே கலைச்சுப்புட்டியே தாயி" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயங்காலம்வரை மறுபடி வைத்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் விரல் நின்றது. "இங்க ஒரு புளி வரணும்." தரையிலும் மேசையடியிலும் தேடினோம், உறைகளை உதறினோம். கிடைக்கவில்லை.

"எடம்தான் தெரியுதே, ஒரு கல்லை வைம்மா" என்றார் ரேஞ்சர் சார்.

"வேணாம் சாமி. குடுத்தனுப்பினதத்தான் நான் வெக்கணும். நானா வெச்சா அது என் பேச்சு. ஊர்ப் பேச்சு ஆவாது."

அந்தப் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரே விதைதான். வரைபடத்தில் எல்லைக்கோடு ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பழைய உறையைக் கிழித்துத் திருப்பி ஒட்டிப் பயன்படுத்துவது எங்கள் அலுவலக வழக்கம். பத்து நாள் கழித்து அந்த நான்கு உறைகளில் ஒன்றை அப்படிப் பிரித்தபோது, பசை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது இந்தக் கொட்டை. ரேஞ்சர் சாரிடம் ஓடினேன். "அது அவ வீட்டு மரம்மா. தனக்குன்னு கேட்ட மாதிரி ஆயிடும்னுதான் கல்லை வெக்க மாட்டேன்னுட்டா" என்றார். மனு போய்விட்டது, இனி மாற்றச் சொன்னால் மொத்தத்தையும் கிடப்பில் போட்டுவிடுவார்கள் என்று அவர் பயந்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

உடன்பாடு வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்தைக் காண்டிராக்டர் வெட்டியதும் நடந்தது. அடுத்த வருஷம் அவள் எனக்கென்று ஒரு பாட்டில் தேன் கொண்டுவந்தாள். "மத்த மரமெல்லாம் நல்லாருக்குது தாயி" என்றாள். கொட்டை என் இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் திறக்கவில்லை. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவே இல்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ரேஞ்சர் சாரும் இல்லை. அவளை ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்று இந்த வயதிலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சில நாள் இந்தக் கொட்டையை வெளியே எடுத்து வெறும் மேசையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.