அய்யனாருக்கு ஒரு லாரி

நான் செய்வதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சக்கரம் வைத்த மரக்கட்டையைக் கயிறு கட்டி இழுத்தால் அது பொம்மை. நான் செய்தவை அப்படியல்ல. நிஜக் காரில் ஓர் அடி என்றால் என் காரில் ஒரு விரற்கடை. கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து உடம்பு, பிஸ்கோத்து டின்னை வெட்டி மட்கார்டு, சைக்கிள் டியூபில் டயர், சட்டையின் பித்தளைப் பொத்தானில் முன்விளக்கு. கதவு திறக்கும், அதுவும் பிடியைத் திருப்பினால்தான் திறக்கும். சமஸ்தானத்து ஆபீசில் எனக்கு நகல் எடுக்கும் குமாஸ்தா வேலை. பகலெல்லாம் அடுத்தவர் எழுதியதைப் பிசகாமல் பார்த்து எழுதியவனுக்கு, வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான்.

திருக்கோகர்ணத்தில் அண்ணன், மதினி, நான் என்று மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் பஸ் ஓட்டினார். என் கார்களை அவர் கையில் தூக்கிப் பார்த்து, "எல்லாம் சரிதான்டா, பெட்ரோல் எங்கிட்டு ஊத்துறது?" என்று கேட்பார். நான் முறைப்பேன். ஆனால் உடைந்த கண்ணாடிச் சில்லு, ஒயர்த் துண்டு என்று எனக்கு ஏதாவது கொண்டுவராமல் அவர் வீடு திரும்பியதில்லை. யுத்தம் வந்தது, பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றுபோயின. அண்ணன் பட்டாளத்தில் லாரி டிரைவராகச் சேர்ந்து, அசாமைத் தாண்டி பர்மா எல்லைப் பக்கம் போனார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். மதினிக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிப்பேன். "நலம். லாரி ரொம்பப் பெரிசு, பத்துச் சக்கரம். மலைப்பாதை. பகலும் ராத்திரியும் ஓட்டுகிறோம்." அதற்குப் பிறகு நான்கு வரி, மேலதிகாரிகள் கறுப்பு மையால் அடித்துவிட்டிருப்பார்கள். கடைசியில், "தூக்கம்தான் இல்லை. மற்றபடி குறையொன்றுமில்லை." மதினி அந்தக் கறுப்புப் பட்டையை விரலால் தடவிப் பார்த்து, "இதுல என்ன தம்பி எழுதியிருக்காக?" என்பார். "ஊர் பேரு, வழி, அதெல்லாம் இருக்கும் மதினி" என்பேன். அவர் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மலைப்பாதையில் தூக்கமில்லாமல் ஒருவர் லாரி ஓட்டுகிறார் என்பது அந்த வீட்டில் எந்நேரமும் இருந்தது. நாங்கள் அதைப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் மதினியின் பிறந்த ஊரில் புரவி எடுப்பு வந்தது. அய்யனாருக்கு மண்குதிரைகள் செய்து, ஊர்வலமாகத் தூக்கிப் போய்க் கோயிலில் நிறுத்துவார்கள். மதினியும் ஒரு குதிரை நேர்ந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் என் பட்டறை மூலைக்கு வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஒரு லாரி செஞ்சு தாங்க."

"எதுக்கு மதினி?"

"அய்யனாருக்கு. குதிரையில ஏறி அவரு நம்ம ஊரைச் சுத்துவாரு. அங்கிட்டு பர்மாவுக்கு எப்பிடிப் போவாரு? லாரி இருந்தா ஒங்க அண்ணனுக்குப் பக்கத்துலயே ஒக்காந்து போயிருவாருல்ல."

எனக்குச் சாமி பக்தி கொஞ்சம் குறைச்சல். ஆனால் அந்த நியாயத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

பட்டாள லாரியை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. திருச்சி – மதுரை ரோட்டில் அவை போகும் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விராலிமலைக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு லாரி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றது. நூலை எடுத்து நீளம் பிடித்து ஒரு முடிச்சு, உயரம் பிடித்து ஒரு முடிச்சு. மூன்றாவது முடிச்சில் என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது.

"எவன்டா நீ? எந்த நாட்டுக்கு வேவு பாக்குற?"

பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு காலரை விட்டுவிட்டு, நூலின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு, "தொய்யுது பாரும், இழுத்துப் பிடியும்" என்றார். அந்த மனிதரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மூன்று மாதம் வேலை நடந்தது. அண்ணன் எழுதியபடி பத்துச் சக்கரம் வைத்தேன். பழைய குடைத் துணியில் மதினி மேற்கூடு தைத்தார். அவர் கேட்ட கேள்விகளைப் போல யாரும் என்னைக் கேட்டதில்லை. "தண்ணி எங்க வச்சிருப்பாக?" சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் குவளை செய்தேன். "வேர்த்தா தொடைக்கத் துண்டு?" இரண்டு விரல் அகலத்தில் ஒரு துண்டு தொங்கியது. இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்த்ததில், அதற்கு முன் நான் செய்த கார்களெல்லாம் ஆள் குடியில்லாத வீடுகளாகத் தெரிந்தன.

என் வண்டிகளில் நான் ஆள் வைப்பதில்லை, அளவு கெட்டுவிடும். "ஆளில்லாத வண்டியில அய்யனாரு யாரைக் காப்பாத்துவாரு?" என்று மதினி தானே களிமண்ணில் அண்ணனைச் செய்து, காக்கித் துணி சுற்றி, ஸ்டீரிங்குக்குப் பின்னால் வலது பக்கம் உட்காரவைத்தார். இடது பக்க சீட்டில் சின்னதாக ஒரு பட்டுத் துணி விரித்தார். அது அய்யனாருக்கு.

புரவிகளுக்குக் கண் திறக்கும் நாளில் எனக்கும், குதிரைகளைச் செய்து கோயில் பூசையும் பண்ணும் வேளாருக்கும் சண்டை. யுத்தகால விளக்குக் கட்டுப்பாட்டுக்கு ஏற்றபடி முன்விளக்குகளில் பாதியைக் கறுப்படித்திருந்தேன். "அரைக் கண்ணோட சாமி வண்டியா?" என்று அவர் கறுப்பைச் சுரண்டிவிட்டு, பித்தளைப் பொத்தானில் கருவிழி வரைந்தார். "லாரிக்கு எங்கய்யா முழி?" என்று கத்தினேன். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன். எட்டுக் குதிரைகளுக்குப் பின்னால் முழித்த கண்ணோடு என் லாரி போயிற்று.

நாலைந்து மாதம் கழித்து, அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் லீவில் வந்தவர், சேதி சொல்ல வீட்டுக்கு வந்தார். மதினி உள்ளே அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார். லாரி செய்வதற்காக நான் வரைந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் சிரித்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா ஸ்டீரிங்கு மாறிப்போச்சே. எங்களுதெல்லாம் அமெரிக்கா லாரிங்க. இடது பக்கம் ஒக்காந்துதான் ஓட்டணும்."

விராலிமலையில் நான் அளந்த லாரிக்கு ஸ்டீரிங் வலது பக்கம்தான் இருந்தது. சோறு தின்பது வலது கை என்பதுபோல, ஸ்டீரிங் என்றால் வலது பக்கம் என்று கேட்காமலே செய்துவிட்டேன். துண்டு எங்கே தொங்குகிறது என்று கவலைப்பட்டவன், டிரைவர் எங்கே உட்காருகிறார் என்று ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. அளவு அளவு என்று பெருமையடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாளே வேளாரிடம் ஓடினேன். ஸ்டீரிங்கை இடம் மாற்ற உளியும் பசையும் துண்டில் மடித்து எடுத்துக்கொண்டேன். "குடுத்தது குடுத்ததுதான். கண் தொறந்ததைத் தொடக்கூடாது" என்று அவர் முடித்துவிட்டார். நான் கெஞ்சினேன், அவர் அசையவில்லை.

நான்கு நாள் மதினியின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன். வரவேண்டிய கடிதமும் அந்த வாரம் வரவில்லை. ஐந்தாம் நாள் தாங்காமல் சொல்லிவிட்டேன். "தப்புப் பண்ணிட்டேன் மதினி. அந்த லாரியில ஓட்டுற சீட்டு இடது பக்கம். அண்ணனை வலது பக்கம் வச்சிட்டோம்."

மதினி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"அப்ப ஓட்டுற எடத்துல யாரு இருக்கா?"

பட்டுத் துணி விரித்த சீட்டு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அய்யனாரு" என்றேன்.

அவர் அரிசியை மறுபடி களைய ஆரம்பித்தார். பிறகு அவர் முகம் லேசாகிக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். அண்ணன் போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"அவரே ஓட்டட்டும் தம்பி," என்றார். "ஒங்க அண்ணன் செத்த நேரம் கண்ணசந்துக்கிடட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன்.

யுத்தம் முடிந்த மறு வருடம், கன்னம் ஒட்டிப்போய் அண்ணன் வந்து சேர்ந்தார். குளித்தார், இரண்டு வாய் சாப்பிட்டார், கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தார். மூன்று நாள் தூங்கினார். பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் மதினி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். நான் ஒரு மட்கார்டை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். மதினி வந்து என் கையிலிருந்த அரத்தை மெதுவாக வாங்கி, சத்தம் வராமல் கீழே வைத்தார்.