வரப்பில் நின்று வாசித்த கடைசிக் காட்சி

எழுதியவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலைக்குத்தான் நாடகமாக்கம் என்று பெயர். பள்ளி ஆண்டுவிழாவுக்கோ ஊர் நூலகத்துக்கோ ஒரு கதையை வெட்டித் தைத்து மேடையேற்றிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நான் சொல்லப்போவது உங்கள் உடம்பும் அறிந்ததே.

கள்ளக்குறிச்சியில் முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது நூலக வாசகர் வட்டத்துக்கு ஆண்டுக்கொரு கதையை நாடகமாக்கித் தருகிறேன். அவற்றுள் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதாமல் இருக்க என்னால் இயலவில்லை.

அஞ்சலட்டை

நான் தேர்ந்தெடுத்த நாவலின் கதையை இரண்டே வாக்கியங்களில் சொல்லிவிடலாம். தேவானை என்னும் கூலிக்காரப் பெண் கன்றாக வாங்கி வளர்த்த தன் ஒரே பசுவை, மழையற்ற ஓர் ஆண்டில் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறாள். விற்றுவிட்டுத் தனியே திரும்புகிறாள். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்பவர் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டி ஓட்டிப்போவார். ஆகவே திரும்பும் தேவானையின் கையில் பழைய கயிறு இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தில் பேச்சு என்பதே கிடையாது. நாடகம் எழுத இதைவிட இடைஞ்சலான முடிவு வேறில்லை. ஆயினும் எனக்கு அந்த நாவல்தான் வேண்டியிருந்தது.

அனுமதி கேட்டு எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினேன். எண்பதை நெருங்கும் அவரிடமிருந்து அஞ்சலட்டையில் விடை வந்தது. ஓர் அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. இந்தக் கதையை ஒருமுறை சினிமாவுக்குக் கொடுத்துப் பட்டுவிட்டதாகவும், அதன்பின் யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் எழுதியிருந்தார். முழு ஒத்திகையையும் நேரில் பார்ப்பாராம். மனத்துக்குச் சரிப்பட்டால் அரங்கேற்றம், இல்லையென்றால் இல்லையாம். ஒன்பது மாத உழைப்பின் தலைவிதி ஒரு பிற்பகலில் தீர்மானமாகப்போகிறது என்று புரிந்தது. கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும், எங்கள் நாடகத்தில் பசுவை வாங்குகிறவராக நடிப்பவருமான ஜமால் பாய் அந்த அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“பொண்ணு பாக்க வர்ற மாதிரி வர்றாரு டீச்சர். புடிக்கலன்னா பஜ்ஜியத் துன்னுட்டுப் போய்க்கினே இருப்பாரு.”

கயிற்றின் மறுமுனை

மேடையில் பசுவுக்கு என்ன செய்வது? அட்டையில் மாடு செய்வதை நான் அனுமதிக்கவில்லை. தேவானையின் கையில் கயிறு இருக்கட்டும், மறுமுனை தட்டிக்குப் பின்னால் போகட்டும், பசு அங்கே இருப்பதாகப் பார்ப்பவர்கள் எண்ணிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். மறுமுனையைப் பிடிக்கக் கல்வராயன் மலையிலிருந்து சடையன் வந்தார். வெள்ளிமலைக்கு அப்பால் சாமையும் மரவள்ளியும் போட்டு, நாலைந்து மாடும் வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பேருந்தில் இறங்கிவந்து நூலகத்தில் கதை கேட்டுவிட்டுப் போவார். வாய் திறந்து ஒரு கருத்தும் சொன்னதில்லை.

முதல் நாள் ஒத்திகையில் கயிறு சற்றே இறுகியது. நின்றது. பிறகு வழியோரத்தில் எதையோ கண்டதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து, தேவானையை ஓர் அடி இழுத்து, உடனே தளர்ந்தது. தட்டிக்குப் பின்னால் சடையன்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நாற்காலியிலிருந்து எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, கயிற்றை இரண்டு விரல்களில் பிடித்திருந்தார். மாடு என்றால் இப்படித்தான் இழுக்குமா என்று கேட்டேன்.

“இது எங்க வூட்டுச் செவலை இழுக்கிறதுங்க. வேற மாட்டுக்கு வேற இழுப்பு. எந்த மாடுன்னு நீங்க சொல்லலியே.”

நடவு வயல்

தேவானையாக நடித்தவர் பச்சையம்மாள். ரிஷிவந்தியம் பக்கத்து ஊர். நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர். மழைக்கு ஒதுங்க நூலகத்துக்குள் வந்து, உரக்க வாசிக்கப்பட்ட கதையைக் கேட்டு, மழை விட்ட பின்பும் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு எழுத்து தெரியாது. நான் வாசிப்பேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார், முடிந்ததும் திருப்பிச் சொல்வார். மனப்பாடத்தை என் மாணவிகளிடம் பிரம்பு இல்லாமலே வாங்கியவள் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையைப் பச்சையம்மாள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவைத்தார். இரண்டாம் முறை வாசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஒவ்வொரு காட்சியிலும், இது உன் பேச்சு, இது எதிராளியின் பேச்சு, இது சும்மா நடக்க வேண்டிய இடம் என்று மட்டும் நான் பிரித்துக் காட்டினால் போதும்.

கடைசிக் காட்சிக்கு வரும்போது நடவு தொடங்கிவிட்டது. இரண்டு வாரம் பச்சையம்மாள் வரவில்லை. எழுத்தாளர் வரும் நாளுக்கு முந்தைய நாள், பிரதியை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறி, வயலைத் தேடிப் போனேன். பதினான்கு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வேலையை நிறுத்தக் கூடாது என்பதால் நான் வரப்பில் குடையுடன் நின்று வாசித்தேன். அவர் நட்டுக்கொண்டே கேட்டார். நாவலின் கடைசிப் பக்கத்தை அப்படியே நடிப்புக் குறிப்பாக அடைப்புக்குள் வைத்திருந்தேன். பேச்சே இல்லாத காட்சியில் பிரித்துக் காட்ட என்ன இருக்கிறது என்று எண்ணி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே சீராக வாசித்து முடித்தேன். எதையும் அரைகுறையாக வாசித்து எனக்குப் பழக்கமில்லை. பச்சையம்மாள் தலை நிமிரவில்லை, தலையை ஆட்டினார். மற்றப் பெண்களின் கைகள் எப்போதோ நின்றுபோயிருந்தன. வரிசையின் கோடியிலிருந்த ஒருத்தி, நாற்றுமுடியை இடுப்பில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பசுவ விக்காம இருக்க எதனா வழி பாருங்க டீச்சரம்மா. இன்னும் ரெண்டு வயலு கீது, நாங்களும் நட்டுக்கினே ரோசன பண்றோம்.”

சினிமாவில் திரும்பி வந்த பசு

எழுத்தாளர் ஞாயிறு காலையில் பேருந்திலிருந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, கையில் தடி. ஜமால் பாய் கடையில் தேநீர் வரவழைத்தோம். சினிமா என்ன ஆயிற்று என்று நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். படத்தில் பசுவை வாங்கியவன் கெட்டவனாம். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு நாலு மலை தாண்டித் தேவானை வீட்டுக்கே ஓடிவருமாம். ஊரார் மாலை போடுவார்களாம். நடுவில் இரண்டு பாட்டு. முதல் காட்சி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன அவர் அதற்குப் பிறகு ஏழாண்டு ஒரு வரியும் எழுதவில்லையாம். சொல்லும்போது குரலில் கோபமே இல்லை. நான்தான் மடியிலிருந்த பிரதியைப் பைக்குள் தள்ளிக்கொண்டேன். இவருடைய கதையை நானும் ஒரு முறை வெட்டியிருக்கிறேன் அல்லவா?

அந்த நேரம் பார்த்து ஜமால் பாய் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தப் படத்தை அவர் சிறுவயதில் திருக்கோவிலூரில் மூன்று முறை பார்த்திருக்கிறாராம். நான் கண்ணைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுத்தாளரின் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க ஐயா. மாடு திரும்பி வந்தப்ப நான் பெஞ்சு மேல ஏறி நின்னு விசில் அடிச்சேன்.”

ஒத்திகை

பிற்பகலில் திருமண மண்டபத்தில் ஒத்திகை. எழுத்தாளர் மூன்றாம் வரிசையில் தனியாக அமர்ந்தார். தாடையைத் தடியின் மேல் ஊன்றிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் அந்த நிலை மாறவேயில்லை. நல்லதா கெட்டதா என்று முகத்தில் எதுவும் எழுதப்படவில்லை. கடைசிக் காட்சி வந்தது. ஜமால் பாய் புதுக்கயிற்றுடன் தட்டிக்குப் பின்னால் போனார். பழைய கயிறு ஒருமுறை இறுகி, தளர்ந்து, மறுமுனை தரையில் விழுந்தது. பச்சையம்மாள் தனியாக நின்றார். இனி அவர் பேசாமல் மேடையைக் கடந்து போக வேண்டும்; அவ்வளவுதான் என் ஏற்பாடு.

அவர் வாய் திறந்தார். “தேவானை கயிற்றைச் சுருட்டவில்லை. கீழே போடவும் இல்லை. வந்த வழியே நடந்தாள்.” சொல்லிக்கொண்டே நடந்தார். அடைப்புக்குறி காதுக்குக் கேட்காது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “ஒற்றையடிப் பாதையில் பாதி வழி வந்ததும் நின்றாள். பின்னால் வருவது முன்னே போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கினாள். பின்னால் எதுவும் வரவில்லை.” சொல்லி, ஒதுங்கி, நின்றார். அழவில்லை. வேறொரு பெண்ணைப் பற்றி அவளுக்கு மிகவும் நெருங்கியவள் சொல்வதுபோல் இருந்தது அந்தக் குரல். நான் வகுப்பறையில் எத்தனையோ முறை வாசித்த வரிகள் அவை. அவற்றின் எடையை நான் ஒருமுறையும் தூக்கிப் பார்த்ததில்லை என்று அன்று தெரிந்தது. “விளக்கு மெல்லக் குறைகிறது. திரை விழுகிறது” என்பதையும் அதே குரலில் அவர் சொல்ல, விளக்குக்காரர் விளக்கைக் குறைத்தார், திரைக்காரர் திரையை விட்டார்.

யாரும் கை தட்டவில்லை. எழுத்தாளர் அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பக்கவாட்டுப் படியேறித் திரைக்குப் பின்னால் ஓடி, ஏன் பேசினாய் என்று பச்சையம்மாளிடம் கேட்டேன். அவர் கயிற்றை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க வாசிச்சது அம்புட்டும் சொன்னேங்களே. நடுவுல எங்கனா விட்டுட்டனா?”

ஒரே திருத்தம்

எழுத்தாளர் மெதுவாக மேடையேறி வந்து பிரதியைக் கேட்டார். கொடுத்தேன். தவறு என்னுடையது, பச்சையம்மாளுக்கு எழுத்து தெரியாது, நான் குறிப்பையும் சேர்த்து வாசித்துவிட்டேன், ஒரு வாரம் கொடுத்தால் சரிசெய்துவிடலாம் என்றேன். அவர் செவிகொடுத்ததாகத் தெரியவில்லை. நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஒவ்வொரு காட்சியிலும் அடைப்புக்குள் கிடந்த வரிகளைச் சுட்டுவிரலால் தடவிக்கொண்டே போனார். சினிமாக்காரர்கள் தன் வசனங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்ததாகவும், அவர்கள் எதை விட்டுவிட்டுப் போனார்கள் என்பது இன்றுதான் காதில் விழுந்ததாகவும் சொன்னார். பிறகு பச்சையம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார். பச்சையம்மாள் என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையுடன். நான் அடைப்புக்குள் தள்ளிய வரிகள் அனைத்தும் வெளியே வர வேண்டும். அவற்றைப் பச்சையம்மாளே சொல்ல வேண்டும். ஒன்பது மாத வேலையை மூன்று வாரத்தில் பிரித்துத் தைத்தேன். மூன்று பிற்பகல்கள் வாசித்தேன், அவர் கேட்டார், அவ்வளவுதான். எழுத்தாளர் நீக்கச் சொன்னது ஒன்றே ஒன்றைத்தான். பிரதியின் கடைசி வரியில் விரலை வைத்து, விளக்கும் திரையும் தான் எழுதியவையல்ல என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஜமால் பாய் முந்திக்கொண்டார்.

“அது மட்டும் டீச்சர் சொந்தமா எழுதுனதுங்க ஐயா.”

மலைமேல்

கள்ளக்குறிச்சியில் அரங்கேறியது, நடவுப் பெண்கள் பதின்மூவரும் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் நான் மறக்க மாட்டாதது சடையனின் ஊரில் நடந்தது. பள்ளிக்கூடத்துத் திடலில், கடைசிப் பேருந்தை உத்தேசித்து மாலை மூன்று மணிக்கே தொடங்கினோம். மேடை கிடையாது, ஊரார் தரையில் சுற்றி உட்கார்ந்தார்கள். பனிமூட்டம் பள்ளிக் கூரைவரை இறங்கியிருந்தது. தேவானை கயிற்றுடன் அவர்களுக்கு நடுவிலேயே நடந்தாள். “பின்னால் வருவது முன்னே போகட்டும் என்று ஓரமாக ஒதுங்கினாள்” என்று பச்சையம்மாள் சொன்னதும், வழியோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் முழங்கால்களை இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி மறுபுறம் வைத்தாள். ஒரு பசு போகிற அளவுக்கு வழி விட்டுக் காத்திருந்தார்கள். “பின்னால் எதுவும் வரவில்லை.” விட்ட வழி அப்படியே கிடந்தது, நாடகம் முடிந்து நெடுநேரம்வரை அதில் யாரும் கால் வைக்கவில்லை.

நாங்கள் தட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குழந்தைக்காரப் பெண் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஜமால் பாயைப் பார்க்கவில்லை. நேரே பச்சையம்மாளிடம் போய், அவர் கையிலிருந்த கயிற்றைத் தொட்டாள்.

“எங்க வூட்ல ஒரு கெடாரிக் கன்னு நிக்குது அக்கா. இந்தக் கயித்தயே போட்டு ஓட்டிக்கினு போ.”

கதையை நாடகமாக்கக் கிளம்பியிருக்கும் அன்பர்களே, நீங்கள் எவ்வளவு திறமையாகச் சுருக்கினாலும் கவலையில்லை, நீங்கள் சுருக்கியதை அறியாத ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால் கதை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.