யாரு அடிக்கு ஆறடி?

கண்டக்டர் விசில் அடித்தாகிவிட்டது. மினி பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு அழகி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அதெப்படி? போன வாரம் கண்மாய் முக்குல நின்ன வண்டி இந்த வாரம் ஏன் நிக்காது? முக்கு எந்திரிச்சு நடந்து போயிருச்சா?"

வாய் கொடுத்தால் பொன்னமராவதிக்கு அரை மணி நேரம் தாமதம் என்பது கண்டக்டருக்குத் தெரியும். "சரிக்கா, நாளைலேருந்து தெனம் நிப்பாட்டுறோம்" என்கிறார். அழகியின் முகம் வாடிவிடுகிறது. ஒரு நொடிதான். "தெனம் ஒவ்வொரு முக்கா நின்னுக்கிட்டிருந்தா பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எப்பப் போய்ச் சேரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறாள்.

ஊரில் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். வயது நாற்பத்தொன்பது. ஒடிசலான உடம்பு, சேலைக்கு மேல் கணவனின் பழைய முழுக்கைச் சட்டை. பேசும்போது இடது காதுத் தோட்டைத் திருகிக்கொண்டே இருப்பாள். வாதம் சூடேறினால் திருகலும் வேகமெடுக்கும். ஒரு தடவை திருகாணி கழன்று விழுந்து, அதைத் தேடி நாற்பது பேர் கண்மாய்த் தரையைச் சலித்தார்கள். அப்போதும் அவள் தேடவில்லை, பேசிக்கொண்டிருந்தாள். கணவர் திருப்பதி சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் 'சரி' என்ற ஒரே சொல்லை வைத்துக் குடும்பம் நடத்துகிறார். அந்தச் 'சரி'யோடு எப்படி வாதாடுவது என்பது மட்டும் அழகிக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதனால் அவளுடைய வாதமெல்லாம் நூறு நாள் வேலையில்தான். கண்மாய் தூர்வாரும் இடத்தில் அவளுக்குச் சரியான எதிராளி பிச்சை. முறைக்கு மாமா. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த பீடிப் பிரியர். "மாமா, காத்துக்கு எதுக்க ஒக்காந்து ஊதுங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒங்க பீடிய நான்ல குடிக்கிறேன்!" என்று அவள் கத்தாமல் ஒரு நாளும் வேலை தொடங்கியதில்லை.

கொரோனா இரண்டாம் முறை சுற்றிக்கொண்டு வந்த சித்திரை மாதம் அது. பணித்தளப் பொறுப்பாளர் சிவரஞ்சனிக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஆளுக்கு ஆள் ஆறடி. பட்டம் படித்த பெண்; கண்டிப்பானவள். விடிந்தும் விடியாமலும் வந்து சுண்ணாம்புப் பொடியால் கண்மாய்க்குள் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். அழகி ஒரு வட்டத்துக்குள் நின்று பார்த்தாள். அடுத்த வட்டத்தைப் பார்த்தாள். காதுத் தோட்டில் கை போயிற்று.

"ஆறடி ஆறடிங்கிறியே, யாரு அடிக்கு ஆறடி? ஒன் அடிக்கா, பிச்சை மாமா அடிக்கா? அவரு கால் மொறம் மாதிரி இருக்கு."

"சித்தி, டேப்பு வச்சு அளந்து போட்டது."

"சரி, அளந்தே போட்டே. இங்க ஆறடி விட்டு மண்ணு வெட்டுறோம். வர்றப்ப டெம்போல எப்படி வாரோம்? ஒருத்தி மடில ஒருத்தி ஒக்காந்து வாரோம். கொரோனா டெம்போவுல ஏறாதா? அதுக்கு டிக்கெட்டு இல்லையா?"

எண்பது பேரும் சிரித்தார்கள். பிச்சை மட்டும் வட்டத்துக்கு ஆதரவாகப் பேசினார். "விடு அழகி, நல்லதுக்குத்தான் சொல்லுது புள்ள." தனி வட்டம் என்றால் நிம்மதியாகப் பீடி குடிக்கலாம் என்ற கணக்கு அவருக்கு. மத்தியானத்துக்குள் எல்லார் காலும் பட்டு வட்டங்கள் அழிந்துபோயின. அழகியும் அவள் சிநேகிதி மூக்காயியும் வழக்கம்போல ஒரே தூக்குவாளியில் கைவிட்டுச் சாப்பிட்டார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று கரைமேல் போயிற்று. காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமை இருந்தால் உடனே பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றது. "வாசம் எப்படித் தெரியாமப் போகும்? மூக்கு என்ன ரேடியோவா, ஆப் பண்ணி வைக்க?" என்று அழகி ஆட்டோவைப் பார்த்துக் கேட்டாள்.

பத்து நாள் கழித்து சுகாதார ஆய்வாளர் நிலவழகன் பைக்கில் வந்து இறங்கினார். மறுநாள் காலை கண்மாயிலேயே முகாம். எல்லாரும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு அவர் போனதுதான் தாமதம், மம்பட்டிகள் நின்றன.

"குடுத்துட்டுப் போவோம், என்ன போச்சு?" என்றார் பிச்சை.

"என்ன போச்சா?" அழகி மேட்டில் ஏறி நின்றுவிட்டாள். "ஒருத்தருக்கு இருக்குன்னு வந்துச்சுன்னு வைங்க. வேல நிக்கும். தெருவ மறிச்சுத் தகரம் அடிப்பாங்க. பால் ஊத்துறவன் வரமாட்டான், தண்ணிக்குப் போக முடியாது. நல்லா இருக்க எண்பது பேரும் எதுக்குப் பட்டினி கெடக்கணும்? காய்ச்சலு இருக்கவங்க போயி எடுக்கட்டும். கல்லு மாதிரி இருக்க நமக்கெதுக்குக் குச்சி?"

தகரம் என்ற சொல் எல்லார் வயிற்றிலும் விழுந்திருந்தது. கடைசியில் பிச்சையே எழுந்து, "இந்த ஒரு தடவ அழகி சொல்றதுதான் ஞாயம். யாரும் குச்சி குடுக்க வேணாம்" என்றார். கைதட்டினார்கள். ஊரே அவள் பக்கம் நின்ற முதல் நாள் அது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வேன் வந்தது. வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் கரையில் மேசை விரித்தார்கள். நிலவழகன் கையெடுத்துக் கும்பிட்டபடி இறங்கி வந்தார். எல்லாருக்கும் முன்னால் அழகி நின்றாள். "வாங்க சார், மொதல்ல ஒரு விசயத்துக்குப் பதில் சொல்லுங்க" என்று அவள் தொடங்கியபோது கூட்டத்தில் ஒரு குதூகலம். நாற்பது நிமிடம் அவள் கேட்டாள், அவர் சொன்னார். அவர் ஒன்று சொன்னால் இவள் இரண்டு கேட்டாள். அவருக்கு முகக்கவசத்துக்குள் வியர்த்து ஊற்றியது.

பக்கத்தில் குத்தவைத்திருந்த பிச்சை பீடி பற்றவைத்தார். புகை நேராக அழகியின் முகத்தில் வந்து மோதியது. அவள் கண் எரிந்தது. கண் மட்டும்தான். திட்டுவதற்காகத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பீடி வாடை வரவில்லை.

மூச்சை இழுத்துப் பார்த்தாள். இல்லை. "இருங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கரையோரம் போனாள். நொச்சிச் செடியில் ஒரு கொத்தை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, மூக்கில் அழுத்தினாள். சாறு விரலில் பச்சையாக வழிந்தது. மூக்குக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இன்னொரு கொத்தை உருவினாள். வெறும் காற்று. இரண்டு நாளாக உடம்பு அலுப்பாக இருந்ததும், காலையில் குழம்பு சப்பென்று இருந்ததும், உப்புக் குறைச்சல் என்று தானே நினைத்துக்கொண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நேற்று மூக்காயியோடு ஒரே வாளியில் சாப்பிட்டதும் வந்தது.

ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். ஊர் முழுக்க அவள் பக்கம்தான் இருக்கிறது.

திரும்பி வந்தாள். "எல்லாரும் குச்சி குடுங்க" என்றாள்.

முதலில் சிரித்தார்கள். நாமெல்லாம் ஒத்துக்கொண்டதால் எதிர்க்கட்சி அந்தப் பக்கம் தாவிவிட்டது என்று நினைத்தார்கள். "ஏ அழகி, நேத்துத்தானே வேணாம்னே?" என்று பிச்சை எழுந்தார்.

"நேத்து சொன்னேன். இன்னைக்கு மாத்திச் சொல்றேன்."

"ஒன் விளையாட்டுக்கு ஊரு பட்டினி கெடக்கணுமா? தகரம் அடிப்பான்னு சொன்னது யாரு?"

"நாந்தான் சொன்னேன். அடிக்கட்டும். தகரத்துக்குப் பின்னால உசுரோட இருக்கலாம்ல?"

சத்தம் எழுந்தது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள். நிலவழகன் இரண்டு கையையும் தூக்கி அமர்த்தப் பார்த்தார்; அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. சிவரஞ்சனி விசில் ஊதினாள். அதற்கு மேலே அழகியின் குரல் கீச்சென்று கிழித்துக்கொண்டு வந்தது.

"எனக்கு வாசம் தெரியல! பீடியும் தெரியல, நொச்சி எலையும் தெரியல! எனக்கு வந்திருச்சு!"

எல்லாக் கால்களும் பின்னால் நகர்ந்தன. சிவரஞ்சனி பத்து நாளாகத் தொண்டை கிழியச் சொல்லியும் வராத இடைவெளி ஒரே மூச்சில் வந்துவிட்டது. நடுவில் அழகி மட்டும் நின்றாள். அவ்வளவு பெரிய வெற்றிடத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. நிமிர்ந்தபடியே மேசைக்கு நடந்தாள். குச்சி உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "யாத்தே, மூளையத் தொட்டுட்டுல்ல வருது!" என்றாள்.

அடுத்து வந்தவள் மூக்காயி. "நேத்து ஒரே வாளில தின்னமே, பாதகத்தி" என்று திட்டிக்கொண்டே வந்து முகத்தைக் காட்டினாள். அவளுக்குப் பின்னால், அழகியோடு டெம்போவில் வந்தவர்கள். பிறகு மற்றவர்கள். பிச்சை கடைசியில் வந்தார், பீடியைக் காதில் செருகிக்கொண்டு.

இரண்டு நாளில் முடிவு வந்தது. ஒன்பது பேருக்கு இருந்தது. அழகிக்கு, பிச்சைக்கு, இன்னும் ஏழு பேருக்கு. மூக்காயிக்கு இல்லை. வீட்டில் எடுத்துப் பார்த்ததில் திருப்பதிக்கும் இல்லை. திருப்பதி வெளிவாசல் அறைக்கு மாறிக்கொண்டார். வேலை நின்றது. வீட்டு வாசலில் தகரம் அடிக்க வந்தவர்களிடம் அழகி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "கீழ ஒரு சாண் விட்டு அடிங்க. எங்க கோழிக்கு ஒண்ணும் இல்ல, அது போயிட்டு வரட்டும்." அப்படியே அடித்தார்கள்.

அழகிக்கு வந்த காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. பேச்சு விடவில்லை, தகரத்துக்கு அந்தப் பக்கம் வசைகள், இந்தப் பக்கம் பதில்கள். ஆனால் ஒரு காலையில், கைக்குழந்தைக்காரி ஒருத்தி தெருவில் நின்று, "ஒன் வாயால எங்க அடுப்பு அணைஞ்சிருச்சு" என்று கத்தாமல் சொல்லிவிட்டுப் போனாள். அழகி ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அன்று முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அன்றைக்குக் கரையோரத்திலிருந்தே பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எதிர்த்துச் சொல்ல அவளிடமே ஒன்றும் இல்லை.

ஆறாம் நாள் மாலை நூற்றெட்டு வண்டியின் சத்தம் தெருவுக்குள் வந்து நின்றது. அழகி அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறித் தகரத்துக்கு மேல் எட்டிப் பார்த்தாள். தகரத்தை விலக்கிவிட்டிருந்த மூன்றாவது வீட்டு வாசலில் பிச்சை. பட்டியலில் பேர் இருந்ததால் நர்ஸ் தினமும் வந்து விரலில் கருவி மாட்டிப் பார்ப்பாள். அன்று ஆக்சிஜன் அளவு எண்பத்தாறு காட்டியிருக்கிறது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். பிச்சையின் உதடு கருத்திருந்தது. நிலைக்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல, நான் வரமாட்டேன்" என்று மூச்சு வாங்க மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் கெஞ்சினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"மாமா! வண்டில ஏறுங்க!" என்று அழகி கத்தினாள்.

"நீ சொன்னா… நான் ஏறணுமா?"

அழகிக்குச் சட்டென்று வழி தெரிந்தது. "ஏறாதீங்க! ஏறவே ஏறாதீங்க! அதுல ஏற ஒங்களுக்கு எங்க தைரியம் இருக்கு? ஒங்களால முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்!"

பிச்சை அவளை முறைத்தார். கதவை விட்டார். நர்ஸின் கையைக்கூடப் பிடிக்காமல் நான்கு எட்டு வைத்துத் தானே வண்டியில் ஏறிப் படுத்தார். வண்டி முக்குத் திரும்புகிற வரை அழகி பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது அண்டா கவிழ்ந்து முழங்கையில் சிராய்த்தது. அவள் கவனிக்கவில்லை.

வண்டி ஏறிய பதினோராம் நாள் பிச்சை திரும்பி வந்தார், பாதி உடம்பாக. அதற்குள் தகரமும் பிரிக்கப்பட்டிருந்தது. அழகி வீட்டு வாசலுக்கு எதிரே நின்று, "ரெண்டு நாள் தள்ளி வந்திருந்தா கை விட்ருப்போம்னு டாக்டரு சொன்னாரும்மா" என்றார்.

"டாக்டரு சொன்னாப்புல ஆயிருச்சா? அவருக்கு ஒங்க ஒடம்பு என்ன தெரியும்?" என்றாள் அழகி. சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

கண்மாயில் மறுபடி வேலை தொடங்கியபோது மூக்காயி வந்து கூப்பிட்டதால்தான் அவளும் போனாள். மத்தியானம் எல்லாரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அழகியை யாரும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவள் தனியாக ஒரு கருவேல மரத்தடிக்குப் போய் வாளியைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்காயி எழுந்து, தன் வாளியோடு அவளை நோக்கி நடந்தாள்.

"அங்கிட்டே நில்லு" என்றாள் அழகி.

"ஒனக்குத்தான் சரியாயிருச்சே."

"எனக்குச் சரியாயிருச்சு. ஒனக்கு இன்னும் வரல. அது அப்படியே இருக்கட்டும். ஒக்காரு, அங்கயே ஒக்காரு."

மூக்காயி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அழகி தன் பக்கத்தில் கிடந்த மண் சுமக்கும் இரும்புச் சட்டியை எடுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, முந்தானையால் துடைத்து, பூவரச இலை இரண்டை விரித்தாள். உப்பும் மிளகாயும் பிசிறிய மாங்காய்த் துண்டுகளைப் பாதிக்கு மேல் அள்ளி அதில் வைத்தாள். பிறகு எழுந்து, மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் சட்டியைக் காய்ந்த மண்ணின் மேல் ஒரு துண்டும் சிந்தாமல் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போய், மூக்காயியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் நிறுத்தினாள்.