ஜெனரேட்டர் மேல் ஒரு முட்டை

ஜேடர்பாளையம் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறேன். குஞ்சு பொரிக்கும் மெஷினுக்குள் இருநூறு முட்டைகள். வியாழக்கிழமை இருபதாம் நாள்; மறுநாள் குஞ்சுகள் வெளியே வர வேண்டும். பார்த்து வைத்தாற்போல், அன்றைக்குத்தான் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வந்தது. என் ஜெனரேட்டரோ போன வாரமே கண்ணை மூடியிருந்தது. மெஷினில் சூடு குறைந்தால் அத்தனை குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

செல்போனில் பழைய சாமான் விளம்பரங்களைத் துழாவினேன். விற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராணுவக்காரர்களாம். அடேயப்பா, நம் ராணுவத்தில் இத்தனை பேர் வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று! எல்லோருக்கும் ஒன்றுபோல் வடக்கே மாற்றல். எல்லோரும் பாதி விலைக்குத் தருவார்கள். முன்பணம் மட்டும் உடனே அனுப்ப வேண்டும், நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. யாரிடம் வேலையைக் காட்டுகிறீர்கள் என்று எனக்குக் குஷி பிறந்துவிட்டது. ஒரு சோதனை வைத்தேன்.

"ஜெனரேட்டர் மேல ஒரு கோழி முட்டைய வெச்சுப் போட்டோ எடுத்து அனுப்புங்க."

எங்கிருந்தோ சுட்ட போட்டோவில் முட்டைக்கு எங்கே போவார்கள்? முகாமுக்குள் முட்டை கொண்டுவர அனுமதியில்லை சார் என்றார் ஒருவர். இன்னொருவர் சளைக்காமல் ஒட்டு வேலை செய்து அனுப்பினார். அந்த முட்டை பெட்ரோல் டேங்கைவிடப் பெரிதாக இருந்தது.

"இத எந்தக் கோழிங்க போட்டுச்சு? எனக்கு ஒரு ஜோடி வேணுமுங்க" என்றேன்.

"ஏற்பாடு பண்ணிடலாம் சார். முன்பணம் மட்டும் போட்டுடுங்க" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூன்றாவது ஆள் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிகளுக்குப் பட்டறை வைத்திருப்பவர். முட்டை என்றதும் எரிந்து விழுந்தார்.

"ஏனுங்க, ஜெனரேட்டர் வாங்கறீங்களா, ஆம்லெட் போடறீங்களா? வேணுமுன்னா நேர்ல வந்து பாருங்க. இல்லாட்டி போனை வைங்க!"

அவரே வைத்தும் விட்டார்.

"பாத்தியா, குட்டு ஒடஞ்சதும் திருட்டுப் பயலுக்கு வர்ற கோவத்த!" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

"ஏமாத்தறவன் எங்காச்சும் கோவிச்சுக்குவானாங்க? காசு கைக்கு வர்ற வரைக்கும் தேனா ஒழுகுவான். நேர்ல வான்னு திட்டறவர்கிட்டத்தான் ஜெனரேட்டர் இருக்கும். போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. திரும்ப அழைத்தேன், மனிதர் எடுக்கவில்லை. புதன்கிழமை காலை சமாதானத்துக்கு ஒரு தட்டு முட்டையோடு பட்டறை வாசலில் போய் நின்றேன். ஜெனரேட்டர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கதானா அந்த முட்டைக்காரரு?" என்று மேலும் கீழும் பார்த்தார். "நீங்க நெசமான ஆளான்னு எனக்கும் தெரியோணுமல்லங்க."

தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, கொஞ்சம் சிரிங்க என்று சொல்லிப் போட்டோ எடுத்தார். பட்டறையே சிரித்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் சிரித்துத் தொலைத்தேன்.

வியாழக்கிழமை பகல் முழுக்க அந்த ஜெனரேட்டர் தடதடத்தது. வெள்ளிக்கிழமை முதல் ஓடு விரிசல் விட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஒரு குஞ்சை ஜெனரேட்டர் மேல் நிற்கவைத்து, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது: "ஒட்டு வேலையாட்டம் தெரியுதுங்க. நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தே விட்டார். ஒவ்வொரு குஞ்சாகக் கையில் தூக்கிப் பார்த்துப் பத்துக் குஞ்சு வாங்கிப் போனார்.