படலத்துக்குள் கறுப்பு மணல்

புது ஜீப்பின் பெயின்றை உப்புக்காற்று தின்றுவிடும் என்று பயந்து, அதற்குக் கண்ணாடிபோன்ற பாதுகாப்புப் படலம் ஒட்டக் கொடுத்தேன். கடைக்காரன் ரவி என்னோடு படித்தவன். அதனால் வேறெங்கும் விசாரிக்கவே இல்லை. மூன்றாம் நாள், "வண்டி கராச்சை விட்டு அசையேல்லை மச்சான்," என்று சொல்லி ஜீப்பின் திறப்பைத் தந்தான்.

வீட்டில் துடைக்கும்போது கதவின் அடியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. படலத்துக்கு உள்ளே மணல் ஒட்டியிருந்தது. வடக்கே வெகுதூரத்திலுள்ள புல்மோட்டைக் கடற்கரையில் கிடக்கிற அதே கறுப்பு மணல். நானோ அந்த ஜீப்பில் பக்கத்திலிருக்கும் உப்புவெளியைக்கூடத் தாண்டவில்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன்.

"ஓம், ஒட்டுறதுக்கு முதல் சிநேகிதரோட ஒருக்காப் புல்மோட்டைக்குப் போனனாங்கள். கேட்டால் தரமாட்டாய் எண்டு நினைச்சன்," என்றான்.

கேட்டிருந்தால் பெற்றோலும் அடித்துக் கொடுத்திருப்பேன்.

படலத்தை இன்னும் உரிக்கவில்லை. பெயின்றோடு சேர்த்து அந்த மணலையும் அது பத்திரமாகக் காக்கிறது.