சிவப்புப் பிடி

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. பெரிய பட்டத்தை இடுப்பில் கொழுவிக்கொண்டு, பலகையில் நின்றபடி மட்டக்களப்பு வாவியில் சறுக்கும் கைட் சர்ஃபிங்தான் என் பைத்தியம்.

போன மாதம் பட்டத்தின் கயிறொன்று நைந்துபோயிருந்தது. புதியது வரும்வரை பொறுக்காமல், வலை பொத்தும் தங்கூசி நூலால் முடிந்துகொண்டு இறங்கினேன். நடு வாவியில் முடிச்சு அறுந்தது. பட்டம் தறிகெட்டுச் சுழன்று என்னை முகத்துவாரப் பக்கமாக, கடலை நோக்கி இழுத்தது. நெஞ்சுக்கு முன்னாலுள்ள சிவப்புப் பிடியை இழுத்தால் பட்டம் கழன்றுவிடும். ஆனால் பட்டத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

கூடச் சறுக்கிய ரொஷானும் ஷர்மிளாவும் விரைந்து வந்தார்கள்.

"பிடிய இழு மச்சான்!" ரொஷான் கத்தினான்.

"பட்டம் போயிரும்டா!"

"பட்டத்த மறுகா பாப்பம், நீ போயிராத!"

இழுத்தேன். ரொஷான் தன் இடுப்புப் பட்டியைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கரைக்கு இழுத்துவந்தான். கண்டல் மரத்தில் சிக்கிக் கிடந்த பட்டத்தை ஷர்மிளா எடுத்துவந்தாள்.

இப்போது முடிச்சுப் போட்ட கயிற்றோடு நான் இறங்குவதில்லை. அதோடு, ஒவ்வொரு முறையும் கரையில் நின்று சிவப்புப் பிடியை ஒருதரம் இழுத்துப் பார்க்கிறேன். அது வேலை செய்யும் என்று தெரியும். பழகவேண்டியது என் கைதான்.